அக்கா வீட்டுக்கு மேலே போகும் அலை

அக்காவின் தையல் மெஷின் நடையில் இருக்கிறது. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான நடை அது, கடைசியில் குளியலறை. யாராவது அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் அக்கா மிதியை நிறுத்துவாள், தைக்கும் துணியை மடியில் சுருட்டிக்கொள்வாள், நாற்காலியை மெஷினோடு ஒட்ட இழுத்து வயிற்றை எக்குவாள். அவர்கள் அவள் முதுகை உரசிக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது மறுபடியும் அதே. வீட்டில் அத்தான், அத்தானின் அம்மா, அத்தானின் தம்பி, இரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் வயிறு ஒழுங்காக வேலை செய்கிற வீடு என்று அக்கா சொல்வாள்.

அளவு கொடுக்க வரும் பெண்களுக்கு அங்கே நிற்க இடமில்லை. பின்னறையில் கயிறு கட்டி ஒரு போர்வையைப் போட்டு மறைத்துக்கொண்டு அளவெடுப்பாள். போர்வைக்கு அந்தப் பக்கம் அத்தானின் தம்பி பீரோவில் எதையோ தேடிக்கொண்டிருப்பான். வந்த பெண் கூச்சத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எடுத்த அளவு அதனாலேயே தப்பாகிவிடும். அவன் தேடுவது என்றைக்குக் கிடைக்கிறதோ அன்றைக்குத்தான் என் தையல் சரியாக வரும் என்பது அக்காவின் இன்னொரு பேச்சு. அவள் சிரிப்பாகத்தான் எல்லாவற்றையும் சொல்வாள். கேட்பவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அது அவளுக்கு வசதியா இடைஞ்சலா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அவள் கேட்டதெல்லாம் மாடியில் ஓர் அறை. மெஷின் போடவும், துணி வெட்ட ஒரு பலகை போடவும் இடம் இருந்தால் போதும். ஆனால் கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். கல்யாணத்துக்கு முன்பும் சரி, பின்பும் சரி, அக்கா தனியாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருந்த இடம் குளியலறை மட்டும்தான். எங்கள் அப்பா வீடு ஒற்றை அறை. அதில் நான் படிப்பதற்கென்று கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடுக்கை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். பள்ளியை விட்டுத் தையலுக்குப் போன அக்காவுக்கு யாரும் எதையும் ஒதுக்கவில்லை. நான் இதை அப்போதே கவனித்தேனா, இல்லை படித்த பிறகு கிடைத்த வார்த்தைகளைக் கொண்டு பழையதற்கு இப்போது சாயம் ஏற்றுகிறேனா? எழுதும்போது இந்தச் சந்தேகம் கூடவே வருகிறது.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இரண்டு ஆன்டெனாக்களுக்கு நடுவே ரேடியோ அலை எப்படிப் போகும் என்று கணக்குப் போடுவது என் வேலை. அப்பா இதை யாரிடமாவது விளக்க ஆரம்பித்து, பாதியில் கைவிட்டு, ‘கம்பி இல்லாம பேசுவாங்கல்ல, அதுல இருக்கா’ என்று முடித்துவிடுவார்.

அக்காவின் வீட்டுக்கு மேலேயே அப்படி ஓர் அலை போகிறது. ஒரு பக்கம் பெரிய மருத்துவமனையின் மொட்டைமாடி. அங்கே வெள்ளை மேளம் போல ஓர் ஆன்டெனா. மறுபக்கம் ஆற்றைத் தாண்டி உயர்ந்து நிற்கும் தண்ணீர்த் தொட்டி. அதன் கைப்பிடிச் சுவரில் இன்னொரு வெள்ளை மேளம். இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்தபடி நிற்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாருக்காவது நெஞ்சுவலி என்றால், அங்கே நிற்கும் ஆம்புலன்ஸைக் கிளப்பும் உத்தரவு மருத்துவமனையின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இந்த வழியாகத்தான் போகும். நகராட்சியின் வரைபடத்தில் அந்த வழியை ஒரு பட்டையாகக் குறித்திருக்கிறார்கள். பட்டைக்குள் இருக்கும் வீடுகளை உயர்த்திக் கட்ட வேண்டுமென்றால் ஆன்டெனா வைத்திருக்கும் நிறுவனம் சம்மதிக்க வேண்டும். அந்த நிறுவனத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. கிடைத்த அன்று, இனி மேலே போவது நம்ம வீட்டு அலை என்று அத்தான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அத்தைக்கு, அதாவது அக்காவின் மாமியாருக்கு, அந்த அலையைப் பிடிக்காது. முட்டிவலி, பால் திரிவது, சின்ன மகனுக்கு வேலை கிடைக்காதது எல்லாவற்றுக்கும் அதுவே காரணம். ஒரு சின்ன விளக்கு எரியும் அளவுக்குக்கூட அதில் வலு கிடையாது என்று நான் ஒருமுறை விளக்கிச் சொன்னேன். அப்படிப்பட்டதற்கு எதற்காக இவ்வளவு பேர் வழிவிட்டு நிற்க வேண்டும் என்று அவர் கேட்டார். அது நியாயமான கேள்வி.

வெளியூர்களில் ஆன்டெனாக்களின் திசையைத் திருத்தும் வேலைக்கு என்னைச் சில மாதங்கள் அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில் அக்கா போனில் பேசும்போதெல்லாம் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. என்ன விஷயம் என்று கேட்டால், வந்து உன் கண்ணால் பார் என்பாள். நான் வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் அறை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. சோதனை செய்துவிட்டுத்தான்.

கொத்தனாருக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். கண்ணாடிக் குழாய்க்குள் நீர்க்குமிழி ஓடும் மட்டக்கோலுக்குத்தான் அந்தப் பெயர். அவர் அதை இடுப்பிலிருந்து எடுப்பதே இல்லை. டீக்கடைப் பெஞ்சில் உட்காரும் முன்பும் ஒருமுறை வைத்துப் பார்ப்பார் என்பார்கள். நிறுவனத்தின் சம்மதம் வேண்டுமே என்று அத்தான் தயங்கியபோது, சம்மதம் எதற்கு, பார்வை மறைக்கிறதா இல்லையா என்பதுதானே கேள்வி என்று அவர்தான் யோசனை சொன்னார். மொட்டைமாடியில், வரப்போகும் கூரையின் உயரத்துக்கு ஒரு கம்பை நட்டு, நுனியில் சிவப்புத் துணியைக் கட்டினார்கள். அத்தான் பஸ் டிரைவர். தண்ணீர்த் தொட்டியின் காவலாளி அவருடைய வண்டியில் தினமும் வருகிறவர். கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கும் நண்பரைக் கூட்டிக்கொண்டு தொட்டியின் மேல் ஏறி, ஆன்டெனாவின் பக்கத்திலிருந்தே கேமராவில் கிட்டே இழுத்துப் பார்த்தார்கள். மருத்துவமனை ஆன்டெனா முழுசாகத் தெரிந்தது. சிவப்புத் துணி அதற்கு நன்றாகக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. நடுவே வானம். அதுவும் போதாதென்று, அலைக்கு ஒரு மரியாதை இருக்கட்டும் என்று ரசமட்டம் இரண்டு வரிசைக் கல்லைக் குறைத்தே கட்டினார்.

விண்ணப்பம் போட்டால் அது என் மேஜைக்கு வரும், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குச் சங்கடம் என்றுதான் என்னிடம் சொல்லவில்லையாம். அத்தான் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

நான் வேலைக்குத் திரும்பிய வாரம் எங்கள் பிரிவுத் தலைவர் என்னை அழைத்துத் திரையைக் காட்டினார். அவரை நாங்கள் மார்ஜின் சார் என்போம். நல்ல வானிலையில் தேவைக்கு மேல் எவ்வளவு வலிமை கையிருப்பாக இருக்கிறது என்பதற்குப் பெயர் மார்ஜின். ‘மார்ஜின் எங்க?’ என்று கேட்காமல் அவர் எந்தக் கணக்கிலும் கையெழுத்துப் போட்டதில்லை. திரையில் தண்ணீர்த் தொட்டிக்கு வந்து சேரும் சிக்னலின் அளவு ஒரு கோடாக ஓடியது. பல மாதங்கள் ஒரே மட்டமாக வந்த கோடு, சமீபத்தில் படிப்படியாக இறங்கியிருந்தது. கொஞ்சம் இறங்கி, சில நாள் நின்று, மறுபடி கொஞ்சம். கருவி கெட்டுப்போனால் இப்படி இறங்காது. சுவர் எழும்பும் வேகம் அது.

வழியில் ஏதாவது புதுக் கட்டடம் வருகிறதா என்று கேட்டார். வரைபடத்தில் எங்கே என்று நான் தேடவில்லை. அக்காவின் குரலில் இருந்த துள்ளல் என்ன என்று அந்த நொடியில் புரிந்துவிட்டது.

“என் அக்கா வீடா இருக்கும் சார்” என்றேன்.

வேறு ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டார். நானே போகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அக்காவிடம் யாரோ ஒருவர் போய்ச் சொல்வதை விட நான் சொல்வது மேல் என்றா? அல்லது நான் நேர்மையானவள் என்று சாருக்குக் காட்டவா? இரண்டும்தான் போலிருக்கிறது.

அக்கா என்னைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான்கு சுவர் எழும்பி, தகரக் கூரை போட்டாகிவிட்டது. பூச்சு வேலைதான் பாக்கி. ஜன்னல் வைக்கும் இடத்தில் ஓட்டை. கதவு ஏற்கெனவே மாட்டியிருந்தது, தாழ்ப்பாளும் இருந்தது. அவள் என்னை உள்ளே நிறுத்தி, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினாள். பிறகு திறந்தாள். மறுபடி போட்டாள். அது சரியாகத்தான் வேலை செய்தது. சரிபார்ப்பதற்காக அவள் அதைப் போடவில்லை.

நான் எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. அவள் சிரிப்பு நின்றது நினைவிருக்கிறது. அத்தானும் மேலே வந்தார். கம்பு, சிவப்புத் துணி, கேமரா எல்லாவற்றையும் சொன்னார். வேண்டுமானால் வீடியோவையே காட்டுகிறேன் என்றார். எதிர்முனை கண்ணுக்குத் தெரிகிறது, பிறகு என்ன மறைக்கிறது?

கேட்கும் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். நானும் கல்லூரிக்குப் போகும் முன் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் அலை நூல் மாதிரி போவதில்லை. ஆன்டெனாவை விட்டுக் கிளம்பியதும் விரிகிறது. நேராகப் போகும் பங்கும் எதிர்முனைக்குப் போய்ச் சேர்கிறது, சற்று வளைந்து சுற்றி வரும் பங்கும் சேர்கிறது. சுற்றி வருவது ஒரு துளி தாமதமாக வந்தாலும், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளும் இன்னொரு கை போல, நேராக வந்ததற்கு வலு சேர்க்கிறது. இன்னும் அதிகமாகச் சுற்றி வருவது தப்பான நேரத்தில் தள்ளும் கை. அது ஊஞ்சலை நிறுத்தப் பார்க்கும். வலு சேர்க்கும் பங்குகள் போகிற இடத்தை மட்டும் வானத்தில் வரைந்தால் இரண்டு முனையிலும் ஒல்லியாக, நடுவில் பருத்து இருக்கும். எதிர்முனை தெரிகிறது என்றால் அந்தப் பருமனின் நடுநரம்பு தெரிகிறது என்றுதான் அர்த்தம். அதன் வயிற்றைக் கீழிருந்து ஒரு சுவர் கிழித்துக்கொண்டிருந்தால் கேமராவுக்குத் தெரியாது.

இதையெல்லாம் நான் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. கையை ஆட்டி ஆட்டி, தரையில் செங்கல் துண்டால் கோடு போட்டுச் சொன்னேன். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தாள்.

“இடுப்புக்கு மடிச்சுப் பிடிக்கிற டாட் மாதிரியாடி? ரெண்டு முனையும் ஊசி, நடுவுல அகலம்.”

“அதேதான்க்கா.”

“நம்ம வீடு இதுல எங்க வருது?”

“நடுவுல.”

“நட்டநடுவுலயா?”

“ஆமா.”

அவள் செங்கல் தூசியைப் பாதத்தால் தேய்த்து அழித்தாள். “வேற எங்க வரும்” என்றாள்.

அத்தான் விடவில்லை. அவர் கேட்டதிலும் தவறில்லை. “இன்னிக்கு ஆம்புலன்ஸ் ஓடலையா? காலைல என் வண்டியைத் தாண்டிப் போச்சே பாப்பா.”

ஓடுகிறதுதான். வெயில் நாளில் ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கள் ஆன்டெனாக்கள் பேசும் அந்த அலையை மழைத்துளிகள் தின்னும். கனமழைக்கென்றே கையிருப்பு வைத்திருக்கிறோம். அதில் ஒரு பங்கை இந்தச் சுவர் இப்போதே எடுத்துக்கொண்டுவிட்டது. பெருமழை ஒன்று வந்து, வழி நெடுக ஒரே சமயத்தில் கொட்டினால், சில நிமிடங்கள் சிக்னல் அறுந்துபோகும். அந்த நிமிடங்களில் அந்தக் கரையில் யாராவது கீழே விழுந்து கிடந்தால் மருத்துவமனைக்குத் தெரியும், ஆம்புலன்ஸுக்குத் தெரியாது. மழைக்காலம் வரப்போகிறது.

‘வரலாம், போகலாம்’ என்றார் அத்தான் கசப்பாக. வராத மழைக்கு வந்த சுவரை இடிக்கச் சொல்கிறாய் என்பதுதான் அதன் பொருள். கீழே இறங்கும்போது ரசமட்டம் எதிரே வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாததற்கு எப்படி மட்டம் பிடிப்பது என்று மட்டும் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

அடுத்த சில வாரங்கள் நான் அலுவலகத்தில் செய்ததெல்லாம் ஒரே வேலைதான்: அக்காவின் சுவரை நிற்க வைக்க ஒரு வழி தேடினேன். வேறு யாருடைய அக்காவுக்காவது இவ்வளவு கணக்குப் போட்டிருப்பேனா என்று கேட்டால், போட்டிருக்க மாட்டேன்.

ஆன்டெனாவை உயர்த்தலாம். ஆனால் ஒரு முனையை இரண்டு ஆள் உயரம் தூக்கினால் நடுவில் ஓர் ஆள் உயரம்தான் ஏறும். அதற்கே தொட்டியின் மேல் ஒரு கோபுரம் வேண்டும். தொட்டி குடிநீர்த் துறையுடையது. காற்றைத் தாங்குமா என்று அவர்கள் பொறியாளர் சான்று தர வேண்டும். வருடக்கணக்கில் ஆகும் என்றார் மார்ஜின் சார். அலையின் அதிர்வெண்ணைக் கூட்டினால் அந்த வயிறு ஒல்லியாகும், அறை தப்பிக்கும். ஆனால் அதிர்வெண் கூடக் கூட மழை இன்னும் அதிகமாகத் தின்னும். அறையைக் காப்பாற்றிவிட்டு மழையிடம் மாட்டிக்கொள்வோம். வேறு வழியாகச் சுற்றிவிடலாம் என்றால் நடுவில் ஓர் உயர்ந்த கட்டடம் வேண்டும். இருந்த ஒரே உயரமான கட்டடம் பூட்டிக்கிடந்த ஒரு சினிமா தியேட்டர். அதன் சொந்தக்கார அண்ணன் தம்பிகள் கோர்ட்டில் மட்டும் சந்தித்துக்கொள்பவர்கள்.

சார் எனக்காக எல்லாக் கணக்கையும் ஒருமுறை தானும் போட்டுப் பார்த்தார். கடைசியில் பேனாவை மூடி வைத்தார். “நான் சுவரைப் பார்க்கலம்மா. அந்தக் கரையில இருக்கறவங்கள்ல ஒருத்தர் பேரு கூட எனக்குத் தெரியாது. அதனாலதான் கணக்கை மாத்த முடியல” என்றார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

நகராட்சியிலிருந்து உத்தரவு போனது: மழைக்கு முன் உயரத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் அவர்களே வந்து இடிப்பார்கள். அது தலைக்கு மேலே போவது நல்லதல்ல என்று ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேனே என்றாராம் அத்தை. நான் கல்லூரியில் கற்றுக்கொண்டதும் அவர் முட்டிவலியில் கண்டுபிடித்ததும் ஒரே இடத்தில் வந்து நின்றன. அத்தான் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். படிக்க வைத்தால் குடும்பத்துக்கு ஆகும் என்றார்களே என்று அப்பாவிடம் மட்டும் ஒருமுறை சொன்னார். அப்பா அதை என்னிடம் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

முழுவதையும் இடித்துவிட்டு மாடியைப் பழையபடி துணி காயப்போட விட்டுவிடுவது என்று அத்தான் முடிவு செய்தார். பாதி அறையை வைத்துக்கொண்டு ஊர் சிரிக்க இருப்பதைவிட அது மேல் என்றார். அதற்கு மறுநாள்தான் அக்கா எனக்குப் போன் செய்தாள். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை.

“எவ்வளவு உயரம் வரைக்கும் விடுவாங்க? சரியாச் சொல்லு. ஒரு விரல்கடை கூட விட்டுடாம.”

நான் கணக்கை எடுத்துக்கொண்டு போனேன். பருமன் முழுவதும் காலியாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. நடுநரம்பிலிருந்து கீழே பாதிக்குச் சற்று மேல் திறந்திருந்தால் போதும், சிக்னல் பழையபடி வந்துவிடும். ரசமட்டத்தையும் வரச் சொல்லியிருந்தாள். அவர் மட்டம் பிடிக்க, நான் அளந்து, அக்காவின் தையல் சாக்குக்கட்டியால் உள்சுவரில் கோடு போட்டேன். கூரைத் தகரத்தின் கனத்தையும் கழித்துத்தான் போட்டேன்.

அக்கா சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். கோடு அவள் கழுத்துக்கு வந்தது.

ரசமட்டம் மட்டக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய் நின்றார். அத்தான் வாசலில் நின்றபடி, இதில் கோழிதான் வளர்க்கலாம் என்றார். அக்கா கீழே போய்த் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுவரோரம் போட்டு, மெஷினில் உட்காருவது போல் முதுகை லேசாக வளைத்து உட்கார்ந்தாள். கோடு அவள் உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

“நின்னாத்தானே இடிக்கும்” என்றாள் அத்தானிடம். “இந்த வீட்டுக்கு வந்து நான் எப்பங்க நின்னேன்?”

அத்தான் படியிறங்கினார். சற்று நேரத்தில் கடப்பாரையோடு திரும்பி வந்தார். கூரைத் தகரத்தை ரசமட்டத்தோடு சேர்ந்து அவரே கழற்றினார். கோட்டுக்கு மேலிருந்த கல்லை உடையாமல் பெயர்க்கச் சொல்லி அத்தான் அதட்டிக்கொண்டிருந்தது தெருமுனை வரை கேட்டது.

மழைக்காலத்துக்கு முன் வேலை முடிந்தது. திரையில் கோடு பழைய மட்டத்துக்கு ஏறிவிட்டது. சார் பார்த்துவிட்டு, மார்ஜின் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். உத்தரவுப்படி குறைக்கப்பட்டதா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது என் வேலையாக இருந்தது. போனேன்.

கதவையும் அறுத்துக் குட்டையாக்கியிருந்தார்கள். தட்டினேன். தாழ்ப்பாள் இழுபடும் சத்தம், பிறகு அக்காவின் முகம் என் இடுப்பு உயரத்தில். குனிந்து உள்ளே போனேன். மெஷின், பலகை, தரையில் ஒரு பாய். தகரத்தின் சூடு நேராகத் தலையில் இறங்கியது. அவள் சட்டைக் கழுத்து வியர்வையில் ஊறியிருந்தது. நெற்றியின் மேல் ஒரு காயம் காய்ந்திருந்தது; ஏதோ நினைவில் எழுந்துவிட்டாளாம். அளவெடுப்பது இன்னும் கீழே போர்வைக்குப் பின்னால்தான். இங்கே யாரும் நேராக நிற்க முடியாது. ஆனால் அத்தைக்கு முட்டிவலியால் குனிய முடியாது, அதனால் இங்கே வருவதில்லை என்று அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. தலை குனிந்தபடி சிரிப்பது கழுத்தை வலிக்கச் செய்தது.

நான் தைரியம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை; படித்தவர்கள் எதற்கும் ஒரு வழி சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. தொட்டியின் மேல் கோபுரம் வைக்கக் கேட்டு சார் எழுதியிருக்கிறார், சில வருஷத்தில் நடந்துவிட்டால் அப்புறம் உயர்த்திக் கட்டலாம் என்று ஆரம்பித்தேன்.

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அதைச் சொல்லாதடி.”

“ஏன்க்கா?”

“அப்புறம் இது எனக்குப் பத்தாமப் போயிடும்.”

அவள் மிதிக்கத் தொடங்கியபோது கீழேயிருந்து அத்தை கூப்பிட்டார். அக்கா மிதியை நிறுத்தினாள். ஆனால் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறை கூப்பிடும் வரை காத்திருந்தாள். பிறகு, வர்றேன் அத்தை என்று குரல் கொடுத்துவிட்டு, மறுபடி தைக்க ஆரம்பித்தாள். என்னைப் பார்த்து, போகும்போது கதவை ஒட்டிச் சாத்து என்பது போலத் தலையை அசைத்தாள்.

நான் குனிந்து வெளியே வந்தேன். பின்னாலேயே தாழ்ப்பாள் விழுந்தது. மாடியில் முதுகை நிமிர்த்தி நின்றேன். அந்தப் பக்கம் மருத்துவமனை, இந்தப் பக்கம் தொட்டி. என் கணக்கு சரியென்றால் என் தலை அப்போது அந்த அலையின் வயிற்றுக்குள் இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கூரைக்குக் கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.